வெயில் ஆகாத மீன்!



நம்ம ஊரு வெயிலைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சித்திரை, வைகாசி வந்துவிட்டால் 40 டிகிரியை எட்டிப் பிடிக்கும். "இந்தக் கந்தக பூமியில எப்படித்தான் இருக்கீங்களோ!" என்று வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ஆனால் அந்த வெயில்தான் நமக்குச் சோறு போடுகிறது. பட்டாசுக் குழாயில் தடவிய பசை காயணும், தீக்குச்சி காயணும், அச்சடித்த காலண்டர்த் தாள் காயணும். மழை குறைவு, காற்றில் ஈரமும் குறைவு என்பதால்தான் இந்தத் தொழில்கள் எல்லாம் சிவகாசியிலும் சுற்று வட்டாரத்திலும் வேர் பிடித்து வளர்ந்தன.

இதே தமிழ்நாட்டில், நம்ம ஊரு கண்மாயில் கொண்டுவந்து விட்டால் ஒரு நாள்கூடத் தாங்காத ஒரு மீன் இருக்கிறது. அதைப் பிடிக்கப் போகிறவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் போகணும்! அதுதான் நீலகிரி ஓடைகளில் வாழும் டிரவுட் மீன். அந்த மீனுக்கும் வெயிலுக்கும் என்ன பகை? அது எப்படி ஊட்டி மலைக்கு வந்தது? அதைப் பற்றி நாம் ஏன் கவலைப்படணும்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

★ யார் இந்த டிரவுட்?

நீலகிரியில் பேர் பெற்றது 'ரெயின்போ டிரவுட்'. ரெயின்போ என்றால் வானவில். உடம்பின் பக்கவாட்டில் தலை முதல் வால் வரை இளஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடும். முதுகிலும் துடுப்பிலும் மிளகைத் தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள். இதன் சொந்த ஊர் வட அமெரிக்காவின் மேற்குக் கரைப் பக்கத்து ஆறுகளும், ரஷ்யாவின் கம்சட்கா பகுதியும். ஐரோப்பாவைச் சேர்ந்த 'பிரவுன் டிரவுட்' இதற்கு உறவுக்கார மீன்.

இரண்டுக்கும் வேண்டியது ஒன்றேதான்: பாறையில் மோதி, நுரை கட்டி, ஜில்லென்று ஓடுகிற தெளிந்த தண்ணீர். 10 முதல் 18 டிகிரி வரை இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். 20 டிகிரியைத் தாண்டினால் திண்டாட்டம். சுமார் 25 டிகிரிக்கு மேல் போனால் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்காது.

★ குளிர் எதற்கு? சோடாவைக் கேளுங்கள்!

கடையில் இரண்டு சோடா வாங்குங்கள். ஒன்று ஐஸ் பெட்டியில் இருந்தது, இன்னொன்று வெயிலில் கிடந்தது. திறந்து பாருங்கள். வெயிலில் கிடந்தது 'புஸ்'ஸென்று பொங்கி வழியும். குளிர்ந்த சோடா அமைதியாக இருக்கும். ஏன்? குளிர்ந்த நீர் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சூடான நீர் வெளியே தள்ளிவிடும்.

ஆக்சிஜனுக்கும் இதே கதைதான். ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜன் கரையும் என்று பார்த்தால்,

10 டிகிரியில் சுமார் 11 மில்லிகிராம்
20 டிகிரியில் சுமார் 9 மில்லிகிராம்
30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்

இது கடல் மட்டத்துக் கணக்கு. மலை உச்சியில் காற்றழுத்தம் குறைவதால் கொஞ்சம் குறையும். ஆனால் ஓடை பாறையில் விழுந்து விழுந்து ஓடுவதால் காற்று திரும்பத் திரும்பக் கலந்துகொண்டே இருக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மீன் குளிர் இரத்தப் பிராணி. தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவு சூடுதான் அதன் உடம்பும். உடம்பு சூடாகச் சூடாக உள்ளே வேலைகள் வேகமாக நடக்கும், ஆக்சிஜன் அதிகமாகத் தேவைப்படும். அதாவது, தேவை கூடுகிற நேரம் பார்த்து வரவு குறைகிறது. சம்பளம் குறைந்த மாதத்தில் பள்ளிக் கட்டணமும் வந்து நின்றால் வீடு எப்படித் திணறுமோ, அப்படித்தான் டிரவுட்டும் திணறும்.

செய்து பாருங்கள்: ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து மெதுவாகச் சூடு பண்ணுங்கள். கொதிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே பாத்திரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டியிருக்கும். அது ஆவி அல்ல. தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுகிறது! (வீட்டில் அம்மா பக்கத்தில் இருக்கும்போது செய்யவும்.)

★ ஊட்டிக்கு வந்த கதை

டிரவுட் நீலகிரிக்குத் தானாக வரவில்லை. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தார்கள். தங்கள் ஊரில் பிடித்த மீனை இங்கேயும் தூண்டில் போட்டுப் பிடிக்கணும் என்ற ஆசை அவர்களுக்கு.

ஆசைப்பட்டால் போதுமா? மீன் முட்டையை இங்கிலாந்திலிருந்து குளிர் குறையாமல் கொண்டுவரணுமே! இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் 1860-களில் முயன்று பார்த்தார். பலிக்கவில்லை. அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது (அது திறந்தது 1869-ல்). மலை ரயிலும் கிடையாது. சென்னையில் இருந்த ஐஸே அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்ததுதான். அதைச் சேமித்து வைக்க 1842-ல் கட்டிய 'ஐஸ் ஹவுஸ்'தான் இன்று மெரினா கடற்கரை எதிரே விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. சென்னை வெயிலையும் சமவெளி வெயிலையும் தாண்டி மலை ஏறுவதற்குள் முட்டைகளின் கதை முடிந்துவிடும்.

இதைவிட நீண்ட பயணம் ஒன்று 1864-ல் ஜெயித்தது. ஜேம்ஸ் யூல் என்பவர் சால்மன், டிரவுட் முட்டைகளை ஈரப் பாசியில் பொதிந்து, பெட்டியில் அடுக்கி, ஐஸ் அறைக்குள் வைத்து, 'நார்ஃபோக்' என்ற கப்பலில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். டாஸ்மேனியாவில் அவை பொரித்துக் குஞ்சாயின. குளிரில் முட்டை மெதுவாகத்தான் வளரும், அதனால் நாள் கணக்கில் தாங்கும் என்ற சூட்சுமம் உலகத்துக்குத் தெரிந்தது.

நீலகிரியில் கதவு திறந்தது 1900-க்குப் பிறகுதான். மலை ரயில் 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்தது. அந்தச் சமயத்தில் சென்னை மாகாண அரசின் மீன் வளர்ப்பு நிபுணரான எச்.சி. வில்சன், இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் ரெயின்போ டிரவுட்டைத் தருவித்தார். ஊட்டியிலிருந்து ஏறக்குறைய 28 கி.மீ. தூரத்தில் உள்ள அவலாஞ்சியில் 1907-ல் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அங்கே தாய் மீனின் வயிற்றை இதமாக அழுத்தி முட்டையை எடுத்து, ஆண் மீனின் விந்தோடு கலந்து, ஓடை நீர் ஓடிக்கொண்டே இருக்கும் தட்டுகளில் பரப்புவார்கள். 10 டிகிரி நீரில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளை ஓடைகளில் விட்டார்கள். அவை பெருகித் தாமாகவே இனம் பெருக்கவும் ஆரம்பித்தன.

★ ஒரு நாள் தூண்டில்

நம்ம ஊரில் மீன் பிடிப்பது எப்படி? கண்மாய் வற்றுகிற காலத்தில் ஊரே இறங்கும். ஊத்தா, கச்சா வலை, வேட்டி, சேலை எதுவும் மிச்சமில்லை. சத்தம் பக்கத்து ஊருக்குக் கேட்கும். தூண்டில்காரர்கள் என்றாலும், மூங்கில் கம்பு, நரம்பு, தக்கை, ஒரு கொட்டாங்குச்சி நிறைய மண்புழு. கரையில் உட்கார்ந்துகொண்டு "என்ன மாப்ள, கடிக்குதா?" "எங்க மாமா, கெளுத்திதான் புழுவைத் தின்னுட்டுப் போகுது!" என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும்.

டிரவுட் தூண்டில் இதற்கு நேர் எதிர்.

முதலாவது, இரை. புழு கிடையாது, பூச்சி. அதுவும் பொய்ப் பூச்சி! சின்னத் தூண்டில் முள்ளில் சேவல் இறகையும் நூலையும் சுற்றிச் சுற்றி, ஓடையில் பறக்கும் பூச்சி மாதிரியே கட்டுவார்கள். பட்டாசுத் திரி சுற்றுகிற நம்ம அக்கா, அம்மாக்களின் விரலுக்கு உள்ள பொறுமை அந்த வேலைக்கு வேணும். அந்த இறகுப் பூச்சிக்கு எடையே கிடையாது, அதை எறிய முடியாது. அதனால் கயிற்றையே கனமாகச் செய்திருப்பார்கள். கம்பைப் பின்னாடியும் முன்னாடியும் வீச, கயிறு சாட்டை மாதிரி காற்றில் விரிந்து, கடைசியில் பூச்சி தண்ணீரில் பூ விழுந்த மாதிரி இறங்கும்.

இரண்டாவது, நேரம். குளிர் நாளில் விடியற்காலையே போய் நின்று பயனில்லை. நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளியில் உறைபனி படியும். தண்ணீர் ரொம்பக் குளிர்ந்தால் மீனும் மந்தமாகிப் பசி எடுக்காமல் அடியில் கிடக்கும். வெயில் ஏறி, பத்து, பதினோரு மணி வாக்கில் தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி சூடானதும் நீர்ப்பூச்சிகள் கூடு உரித்து மேலே வரும். அப்போதுதான் மீனுக்கும் சாப்பாட்டு நேரம். கோடையில் இது தலைகீழ்: நடு மத்தியானம் மீன் நிழலுக்குப் போய்விடும், காலையும் மாலையும்தான் கடிக்கும்.

மூன்றாவது, நிற்கிற இடம். டிரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். ஓட்டம் கொண்டுவருகிற இரை நேரே வாய்க்கு வரும் அல்லவா? அதனால் கீழ்ப்பக்கத்திலிருந்து, அதாவது மீனின் முதுகுப் பக்கமாக, மெல்ல மேலேறணும். இங்கே நம்ம இயற்பியல் பாடம் உதவும். ஒளிவிலகல் படித்திருக்கிறோம் இல்லையா? தண்ணீருக்குள் இருக்கும் மீன் மேலே பார்க்கும்போது ஏறக்குறைய 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் வெளி உலகத்தைப் பார்க்கும். கரையில் நிமிர்ந்து நிற்கிறவர் அந்த ஜன்னலின் ஓரத்தில் தெரிந்துவிடுவார். குனிந்து, செடி மறைவில் நின்றால் தெரிய மாட்டார். நிழல் தண்ணீரில் விழுந்தாலும் போச்சு, பாறையை உதைத்து அதிர்வு உண்டாக்கினாலும் போச்சு!

நான்காவது, பிடித்த பிறகு. கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொடணும். அதன் உடம்பிலுள்ள வழுவழுப்புதான் நோய் வராமல் காக்கும் கவசம். காய்ந்த கை பட்டால் அது உரிந்துவிடும். திருப்பி விடுவதாக இருந்தால், மீனின் தலையை நீரோட்டத்தைப் பார்த்துப் பிடித்து, மூச்சு வாங்கி அது தானாகத் துள்ளும் வரை காத்திருக்கணும்.

தண்ணீர் சூடாக இருந்தால் இத்தனையும் செய்து விட்டாலும் மீன் பிறகு செத்துப்போகலாம். போராடிக் களைத்த உடம்புக்கு ஆக்சிஜன் போதாது. அதனால்தான் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஆற்று நீர் சூடேறுகிற கோடை நாட்களில், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடத் தடை போடுகிறார்கள்.

முக்கியமான ஒரு விஷயம்: ஊட்டி டூர் போகிறவர்கள் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம்! டிரவுட் ஓடைகள் பெரும்பாலும் காப்புக் காட்டுக்குள் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம். முக்கூர்த்தி 1990-ல் தேசியப் பூங்காவானது. தேசியப் பூங்காவுக்குள் மீன் பிடிக்கக் கூடாது.

★ நம்ம விரால் லேசுப்பட்டதா?

டிரவுட்டை மட்டும் புகழ்ந்தால் நம்ம ஊரு விரால் கோபித்துக்கொள்ளும். டிரவுட்டால் முடியாததை அது செய்கிறது. கோடையில் கண்மாய் சுண்டிப்போய், தண்ணீர் சூடாகி, சேறாகக் கிடக்கும்போது அதில் ஆக்சிஜன் சொற்பம். ஆனால் விராலுக்குச் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி அறை உண்டு. மேலே வந்து 'லபக்'கென்று ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அதைத் தண்ணீருக்கடியில் மேலே வர விடாமல் தடுத்தால் மீனாக இருந்தும் மூச்சு முட்டிச் செத்துப்போகும்! நம்ம மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி காலங்காலமாகப் பழகின மீன் அது.

நம்ம கண்மாயில் இன்னொரு மீனும் உண்டு, ஜிலேபி. திலேப்பியா என்பது அதன் பெயர், சொந்த நாடு ஆப்பிரிக்கா. 1952-ல் சாப்பாட்டுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். முட்டையையும் குஞ்சையும் தாய் மீன் வாயிலேயே வைத்துக் காக்கும். அதனால் தப்பிப் பிழைப்பது அதிகம். இன்று எந்தக் குளத்தில் தூண்டில் போட்டாலும் அதுதான் முதலில் மாட்டுகிறது.

இப்போது ஒரு அதிர்ச்சித் தகவல். உலகத்தில் மிக மோசமாகப் பரவிக் கேடு செய்யும் 100 அந்நிய உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் ரெயின்போ டிரவுட், பிரவுன் டிரவுட், மொசாம்பிக் ஜிலேபி மூன்றுமே இருக்கின்றன! டிரவுட் பார்க்க அழகு, ஆனால் வேட்டை மீன். ஓடையிலுள்ள சின்ன மீன், தலைப்பிரட்டை, பூச்சி எல்லாவற்றையும் தின்னும். அது வருவதற்கு முன்பிருந்தே அங்கே வாழ்ந்த உயிர்களுக்கு அது வில்லன்.

ஆனால் ஒரு வித்தியாசம். ஜிலேபிக்கு வெயில் ஒத்துக்கொண்டது, ஊர் ஊராகப் பரவிவிட்டது. டிரவுட்டுக்கு வெயில் வேலி போட்டுவிட்டது, மலையை விட்டுக் கீழே இறங்க முடியவில்லை. காவலாள் யாரும் நிற்கவில்லை, அந்த வேலியைப் போட்டது வெறும் பத்து டிகிரிதான்.

★ அந்தப் பத்து டிகிரி

இங்கேதான் நாம் யோசிக்கணும். நீலகிரி ஓடை ஏன் குளிர்ந்திருக்கிறது? உயரம் ஒரு காரணம். சோலைக்காடும் புல்வெளியும் இன்னொரு காரணம். மழை நீரை அவை பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்து, வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. சோலை மரங்கள் ஓடைக்குக் குடை பிடிக்கின்றன. மரம் போனால் வெயில் நேரே தண்ணீரில் விழும். பூமியே சூடாகிக்கொண்டிருக்கிற இந்தக் காலத்தில், சமவெளி மீன் கொஞ்சம் மேலே ஏறித் தப்பிக்கலாம். டிரவுட் எங்கே ஏறும்? நீலகிரியில் உயரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதற்கு மேல் மலை இல்லை.

மழையும் முன்பு மாதிரி இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. நம்ம விருதுநகர் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! அப்படிப் பெய்யும்போது மண் சரிந்து ஓடையில் நிறையும். டிரவுட் முட்டையிடுவது கூழாங்கல் இடுக்கில். அங்கே மண் அடைத்தால் முட்டைக்குக் காற்றுக் கிடைக்காது.

"அந்நிய மீன்தானே, போனால் போகட்டும்" என்று சிலர் சொல்லலாம். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் டிரவுட் வாழ முடியாத அளவுக்கு ஓடை சூடானால், அந்த ஓடையின் சொந்த உயிர்களுக்கும் அது கஷ்ட காலம்தான். அவலாஞ்சி ஓடை குந்தா ஆற்றில் சேர்ந்து, பவானியில் கலந்து, காவிரிக்குப் போகிறது. டிரவுட் அந்தத் தண்ணீருக்கு ஒரு தெர்மாமீட்டர் மாதிரி. காய்ச்சல் வந்ததை அது முதலில் சொல்லிவிடும்.

நம்ம ஊருக்கும் இதே பாடம் உண்டு. கௌசிகா ஆற்றிலும் அர்ச்சுனா ஆற்றிலும் சாக்கடை கலந்தால், அதைச் சிதைக்கிற பாக்டீரியாக்கள் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். வெயிலும் சாக்கடையும் கூட்டுச் சேர்ந்தால் கெண்டையும் அயிரையும் தாங்காது. காற்றைக் குடித்து வாழும் விராலாவது கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். அதுவும் இல்லாமல் போனால் அது ஆறு இல்லை, வெறும் வாய்க்கால்.

★ நாம் என்ன செய்யலாம்?

1. வீட்டுத் தொட்டியில் வளர்த்த அலங்கார மீனை "பாவம், பிழைக்கட்டும்" என்று கண்மாயில் விடாதீர்கள். டிரவுட்டும் ஜிலேபியும் இப்படி மனிதர் விட்டதால் வந்தவைதான்.

2. ஊட்டி, கொடைக்கானல் சுற்றுலா போகும்போது ஓடையில் பிளாஸ்டிக் கவரோ சாப்பாட்டு இலையோ போடாதீர்கள். மலையில் போடுவது சமவெளிக்கு வந்து சேரும்.

3. கண்மாய்க் கரையில் நிற்கிற ஆலமரம், கருவேல மரம், பனை மரங்களை வெட்ட விடாதீர்கள். அது மீனுக்கும் நமக்கும் நிழல்.

4. அறிவியல் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள்: ஆய்வகத் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு, ஆசிரியர் துணையோடு, பக்கத்துக் கண்மாயில் காலை 7 மணிக்கும் மத்தியானம் 2 மணிக்கும் தண்ணீரின் சூட்டை அளந்து எழுதுவோம். மர நிழலில் ஒரு அளவு, வெட்டவெளியில் ஒரு அளவு. மாதம் ஒரு முறை செய்தால் போதும். ஒரு வருஷத்தில் நம்ம கண்மாய்க்கு நாமே தயாரித்த ஜாதகம் கையில் இருக்கும். அதை இதே பலகையில் வரைபடமாக ஒட்டலாம்.

முதல் அளவை எடுக்க நாங்கள் தயார். நீங்கள் தயாரா? பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் அறிவியல் ஆசிரியரைப் பார்க்கவும்.



— 11-ஆம் வகுப்பு, 'அ' பிரிவு